போலி மின்னஞ்சலும் நான் போடாத கையெழுத்தும்

கணினிப் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கருவிகள் நிறையத் தந்திருக்கிறார்கள். எந்த மின்னஞ்சல் போலி, எந்த முகவரி பொய் என்று திரையிலேயே சிவப்பாகக் காட்டிவிடுகிறதாம். நல்லது. அந்தக் கருவிகளைப் பற்றி என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். ஆனால் ஒருநாள் ஒரு மேலதிகாரி உங்கள் மேசைக்கு வந்து, "இன்னார்தான் செய்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போடு" என்று நிற்பார். இந்தத் தொழிலில் இருந்தால் அந்த நாள் வராமல் போகாது. அப்போது என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கவலை. எனக்கு அந்த நாள் வந்தபோது என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் சாலையில் இருந்தது நான் வேலை பார்த்த நூற்பாலை. இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம். ஆலை அலுவலகத்துக்குள் கணினிகள் வந்துவிட்டன; அவை எல்லாவற்றுக்கும் பொறுப்பு நான் ஒருத்தி. சுற்றிலும் கரிசல் காடு. கோடையில் புழுதி, ஐப்பசியில் இடி. இடி விழுந்தால் மோடம் போகும். பஞ்சுத்தூசு அடைத்தால் கணினிக்குள் விசிறி நின்றுவிடும். ஊதித் துடைத்து, கழற்றி மாட்டி, எப்படியோ வேலை ஓடிக்கொண்டிருந்தது. 'கம்ப்யூட்டர் மேடம்' என்றால்தான் என்னை எல்லோருக்கும் தெரியும்.

ஆலைக்கென்று ஒரு அஞ்சல் சர்வர் வைத்திருந்தோம். அந்தக் காலத்து வழக்கப்படி, அலுவலகத்துக்குள் இருக்கும் எந்தக் கணினி எந்தப் பெயரில் கடிதம் கொடுத்தாலும் அது கேள்வி கேட்காமல் வாங்கி வெளியே அனுப்பிவிடும். கடவுச்சொல் கேட்கும்படி மாற்ற வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். "எல்லாம் நம்ம ஆளுங்கதானே, எதுக்கு வீண் தொந்தரவு?" என்று ஜெனரல் மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டார். அவரை நாங்கள் ஜி.எம். என்போம். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. அவசரக்காரர். யாராவது ஒருவரைக் குற்றவாளி என்று நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைப்பவர்.

ஒருநாள் காலையில் அவர் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே சண்முகக்கனி நின்றுகொண்டிருந்தாள். எப்போதும்வென்றான் என்ற ஊரைச் சேர்ந்த பெண். மானாவாரி விவசாயக் குடும்பம். கல்லூரி முடித்து எங்கள் தரப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்திருந்தாள். நூலின் பலம், பஞ்சின் நீளம் எல்லாம் சோதித்து, வாங்குபவர்களுக்குப் போகும் தரச் சான்றில் அவள்தான் கையெழுத்துப் போடுவாள். அழுதிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. அப்போது அழுகை நின்று, தாடை இறுகியிருந்தது.

ஜி.எம். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். இத்தாலியில் ஒரு நெசவாலை எங்களிடம் நூல் வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே சண்முகக்கனியின் பெயரில், அவளுடைய அலுவலக முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது. 'தரச் சான்று பொய். மட்டமான பஞ்சைக் கலந்திருக்கிறார்கள். மிரட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். சரக்கை எடுக்காதீர்கள்.' அவர்கள் பயந்துபோய், தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்கும் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கடிதத்தை அப்படியே ஜி.எம்.முக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க மேடம்" என்று இன்னொரு தாளை எடுத்து வைத்தார். ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அந்த மின்னஞ்சலைச் சண்முகக்கனி தன் கணினியிலிருந்து அனுப்பினார் என்று நான் சான்றளிப்பதாக வாசகம்.

"இது எனக்கு எப்படி சார் தெரியும்?"

"பேரு போட்டிருக்கே. படிச்சுப் பாருங்க."

"பேரை யாரு வேணும்னாலும் போடலாம் சார்."

"அவ முகவரியில இருந்துதானே வந்திருக்கு?"

"அதையும் யாரு வேணும்னாலும் போடலாம்."

சண்முகக்கனி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் அனுப்பல மேடம். பஞ்சு சரியில்லன்னா நேரா இவியகிட்டயே சொல்லுவேன். போன மாசம் ஒரு லாரிப் பஞ்சத் திருப்பி அனுப்பணும்னு இவிய மொகத்துக்கு நேராத்தான சொன்னேன்? ஒளிஞ்சு எழுதுத பழக்கம் எனக்குக் கெடையாது."

"அந்தக் கோவத்துலதான் எழுதியிருக்க" என்றார் ஜி.எம்.

நேருக்கு நேர் பேசுகிறவர்கள் மேல்தான் முதல் சந்தேகம் விழும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போலிக் கடிதம் எழுதுகிறவனுக்கும் அது தெரியும். ஏற்கெனவே மேலிடத்துக்குப் பிடிக்காத ஒருவருடைய பெயரைத்தான் அவன் எடுப்பான்.

"சார், பத்து நிமிஷம் கொடுங்க. இப்ப உங்களுக்கு முதலாளி பேர்ல ஒரு மெயில் வரும். அது நான் அனுப்பப் போறது. அனுமதி கொடுக்கீங்களா?" என்று கேட்டேன். எரிச்சலோடு கையை அசைத்தார். என் அறைக்குப் போய் முதலாளியின் பெயரையும் முகவரியையும் போட்டு, 'அந்தப் பெண்ணை விசாரிக்காமல் வேலையை விட்டு நிறுத்தாதீர்கள்' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஜி.எம். திரையைப் பார்த்தார். முதலாளியின் பெயரைக் கண்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை தானாக எழும்பி, கழற்றி விட்டிருந்த சட்டையின் மேல் பொத்தானைப் போட்டது. நான் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். அப்படியும் பொத்தானைப் போட்டார்.

அந்தப் பொத்தானை நான் மறக்கவில்லை. பொய் என்று தெரிந்தே படித்தவருக்கு அந்தப் பாடு என்றால், ஒன்றும் தெரியாத இத்தாலிக்காரர்கள் என்ன செய்வார்கள்? ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்று நீங்கள் இப்படி ஒரு சோதனை செய்வதானால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். எனக்குக் கை அசைத்ததே அனுமதியாக இருந்தது.

ஜி.எம். கொஞ்சம் இறங்கி வந்தார். ஆனால் பின்வாங்கவில்லை. "விசாரணை முடியற வரைக்கும் இவ வெளிய இருக்கட்டும்" என்றார். ஷிஃப்ட் மாறும் நேரம். உள்ளே வருகிற பெண்களும் வெளியே போகிற பெண்களும் வாசலில் நிறைந்திருந்தார்கள். அவர்கள் நடுவே காவலாளி ஒருவர் சண்முகக்கனியின் பக்கத்திலேயே நடந்து போய், கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார். திருடியைக் கொண்டுபோய் விடுவது போல. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவள் தலையைக் குனியவில்லை.

அன்று மத்தியானமே சர்வரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கடிதம் மதிய உணவு நேரத்தில் எங்கள் அலுவலகத்துக்குள் இருந்துதான் போயிருந்தது. அனுப்பிய கணினியின் எண் முகவரியும் பதிவாகியிருந்தது. அது பரிசோதனைக் கூடத்துக் கணினி இல்லை. ஸ்டோர்ஸ் பிரிவுக்கு நான் ஒதுக்கியிருந்த முகவரி.

ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் மாடசாமி அண்ணாச்சி. தொழிற்சங்கச் செயலாளரும் அவர்தான். கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த நேரம். எனக்கும் அவருக்கும் ஆகாது. வருகைப் பதிவைக் கணினிக்கு மாற்றியபோது, என் அறை வாசலில் நின்று எனக்கு எதிராகக் கோஷம் போட்டவர். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உள்ளதைச் சொல்கிறேன்: அந்த முகவரியைப் பார்த்ததும், 'இவராக இருக்கலாமோ' என்றுதான் என் மனத்திலும் ஓடியது.

ஜி.எம். கேட்டார், சொல்ல வேண்டியதாயிற்று. பதிவில் இருப்பதை மறைப்பது என் வேலை இல்லை. "ஸ்டோர்ஸுக்குக் கொடுத்த முகவரி சார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. இதைவிட நல்ல சேதி அவருக்கு அந்த வருஷத்தில் கிடைத்திருக்காது. "மாடசாமியா! ஸ்டோர் ரூம் சாவி அவன்கிட்டத்தானே இருக்கு? பூட்டின ரூமுக்குள்ள வேற யாரு போக முடியும்? எழுதுங்க மேடம். இந்த ஆலைக்குப் பிடிச்ச பீடை இன்னைக்குத் தீரட்டும்."

"எழுத மாட்டேன் சார்."

"ஏன்? இப்பவும் பேரா? நீங்களே பார்த்த நம்பர் இது."

"அந்த நம்பரை ஒவ்வொரு மிஷின்லயும் நான்தான் கையால அடிச்சு வச்சேன். நான் அடிச்சதை இன்னொருத்தர் மாத்தி அடிக்க முடியாதா? ஸ்டோர்ஸ் மிஷின் அணைஞ்சு கெடக்கும்போது, வேற எங்கயோ உக்காந்து அந்த நம்பரைப் போட்டுக்கிட்டா என் சர்வருக்கு வித்தியாசம் தெரியாது. காலையில பேருக்குச் சொன்னதுதான் சார் இப்ப நம்பருக்கும்."

"நீங்க யாரு பக்கம்?" என்று மேசையில் தட்டினார்.

"எனக்குத் தெரிஞ்சது எதுவோ அதும் பக்கம்."

அன்று சாயங்காலம் எனக்கு மெமோ வந்தது. நிர்வாகத்தின் விசாரணைக்கு ஒத்துழைக்க மறுத்ததற்கு விளக்கம் கேட்டு. தைரியசாலி மாதிரி பேசிவிட்டு வந்தேனே தவிர, வீட்டில் மாமியாருக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று எல்லாம் என் வேலையை நம்பித்தான் இருந்தது. கரிசல் காட்டில் கணினி படித்தவளுக்கு வேறு வேலை அன்று எங்கே இருந்தது? பயம் வரும். பயம் வந்தால் நாம் தப்பு என்று அர்த்தம் இல்லை. என் விளக்கத்தில், 'பார்க்காததைப் பார்த்ததாக எழுத முடியாது' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மாடசாமி அண்ணாச்சி என் அறைக்குள் புயல் மாதிரி வந்தார். சேதி எப்படியோ கசிந்திருந்தது.

"மேனேஜ்மெண்ட் மேடம், எம்பேரச் சொல்லிட்டீங்களாமே! சங்கத்த ஒடைக்க இப்படி ஒரு வழியா? நேரா நின்னு மோத மாட்டீங்களா?"

"உங்க பேரை நான் சொல்லல அண்ணாச்சி. எழுதச் சொன்னாங்க. எழுதாததுக்கு மெமோ வாங்கியிருக்கேன். இந்தா, படிங்க."

படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். கோபம் இறங்க இடமில்லாமல் நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு எழுதல? என்னையத்தான் ஒங்களுக்குப் பிடிக்காதுல்லா?"

"பிடிக்காதுதான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் நாற்காலியைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, சாப்பாட்டு நேரத்துல உங்க மிஷினை அணைச்சிட்டுத்தான போவீங்க?"

"கரண்ட மிச்சம் பண்ணுங்கன்னு போர்டே மாட்டிருக்காவல்லா. அணைச்சுப் பூட்டிட்டுத்தான் போறேன். வந்து சுவிச்சப் போட்டா, செல நாளு ஒரு கட்டம் வந்து மறிச்சுக்கிட்டு நிக்கும். என்னமோ இங்கிலீசுல எழுத்தும் நம்பருமா இருக்கும். ஓகேய அமுக்குனா போயிரும். நானும் அமுக்கிட்டு வேலையப் பாப்பேன்."

நான் எழுந்துவிட்டேன். "என்னைக்கெல்லாம் வரும்?"

"கணக்கா வச்சேன்? சாப்ட்டுட்டு வந்தாத்தான் வரும். காலையில ஒருநாளும் வந்ததில்ல."

ஒரே முகவரியை இரண்டு கணினிகள் வைத்திருந்தால், 'இந்த முகவரி ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறது' என்று கணினி ஒரு எச்சரிக்கை காட்டும். அண்ணாச்சி சொன்ன கட்டம் அதுதான். அதாவது அவர் சாப்பிடப் போயிருக்கும்போது யாரோ அவர் முகவரியை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். சில நாள் அவர் திரும்பி வந்த பிறகும் விட மறந்துவிடுகிறார்கள்.

"இதை ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது அண்ணாச்சி. சங்கத்துலயும்."

"சங்கத்துல சொல்லாம எப்படி? பயலுக கொதிச்சுப் போயி நிக்கானுவ."

"சொன்னா அவன் உசாராயிருவான். அப்புறம் நீங்களும் நானும் சண்முகக்கனியும் சொல்லுததை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

வாயை மூடிக்கொண்டிருப்பது அந்த மனிதருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் இருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு மதியமும் அவர் கணினியை அணைத்துவிட்டு எனக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவார். நான் சர்வரின் முன்னால் உட்கார்ந்து ஸ்டோர்ஸ் முகவரியைக் கூப்பிட்டுப் பார்ப்பேன். ஒரு முகவரியைக் கூப்பிட்டால், அந்தக் கணினி விழித்திருந்தால் பதில் தரும். அணைந்திருந்தால் மௌனம். சில நாள் மௌனம்தான். செய்தவன் பயந்து ஒதுங்கிவிட்டான் என்று நினைத்தேன். இதற்கிடையே கன்டெய்னர் தூத்துக்குடியில் வெயிலில் கிடந்தது. சரக்கு போகாவிட்டால் ஒரு ஷிஃப்ட்டை நிறுத்த வேண்டிவரும் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஜி.எம். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க பிடிவாதத்துக்கு எத்தனை பேரு வேலை போகப் போகுதோ" என்பார். அதைச் சொல்லும்போது பக்கத்தில் நாலு பேர் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்.

உங்களுக்கும் சொல்வார்கள். அவசரம், நஷ்டம், எத்தனை பேர் பிழைப்பு என்று. தவறான ஆளைக் காட்டிக்கொடுத்தால் உண்மையான ஆள் உள்ளேயே உட்கார்ந்திருப்பான், நஷ்டம் நிற்காது. இதைச் சொல்லும் பொறுமை அன்று எனக்கு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மதியத்துக்காகக் காத்திருந்தேன்.

ஒருநாள் பதில் வந்தது.

அண்ணாச்சி அப்போதுதான் அணைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். திரையில் வரிக்கு வரி பதில். ஓடிப்போய் அவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பினேன். "உங்க மிஷினுக்கும் சுவத்துக்கும் நடுவுல உள்ள ஒயரை உருவிக் கையோட கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ஜி.எம். அறைக்குப் போனேன். அவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இப்பவே வரணும்."

"கையைக் கழுவிட்டு வர்றேன்."

"கழுவுற நேரத்துல போயிரும் சார். அப்படியே வாங்க."

தயிர்ச்சோற்றுக் கையோடு வந்தார். என் அறைக்குள் நுழைந்தபோதே மாடசாமி அண்ணாச்சியும் வந்துவிட்டார். தோளில் சுருட்டிப் போட்டிருந்த நீல ஒயரை எடுத்து என் மேசை மேல் போட்டார்.

"இந்தா கெடக்கு சார் ஸ்டோர்ஸ் ஒயரு. மிஷினு அங்கன மொட்டையாக் கெடக்கு. ஆள் அனுப்பிப் பாத்துக்கிடுங்க."

நான் திரையைக் காட்டினேன். "இது ஸ்டோர்ஸ் முகவரி சார். ஒயர் இங்க கெடக்கு. பதில் வருது பாருங்க. யாரு சொல்லுதா?"

ஜி.எம். ஒயரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி ஒயரைப் பார்த்தார்.

அலுவலகக் கணினிகளின் ஒயர் எல்லாம் சுவர் வழியே என் அறையில் இருந்த ஹப் பெட்டியில்தான் வந்து சேரும். எது யாருடையது என்று ஒவ்வொன்றிலும் நான் டேப் ஒட்டி எழுதியிருந்தேன். "நீங்களே ஒவ்வொண்ணா உருவுங்க சார். நான் கை வைக்க மாட்டேன். அப்புறம் கம்ப்யூட்டர் மேடம் ஜோடிச்சதுன்னு பேச்சு வரக் கூடாது" என்றேன்.

கையை வேட்டி ஓரத்தில் துடைக்கக்கூட நேரமில்லாமல், அவர் இடக்கையால் உருவ ஆரம்பித்தார். ஒன்றை உருவுவார், பதில் வந்துகொண்டே இருக்கும். திரும்பச் செருகுவார். அடுத்தது. கணக்குப் பிரிவு. சம்பளப் பிரிவு. பரிசோதனைக் கூடம். அதை உருவும்போது ஒரு கணம் நிறுத்தித் திரையைப் பார்த்தார். பதில் நிற்கவில்லை. அவர் காது சிவந்தது. பிறகு இன்னொன்றை உருவினார். திரை நின்றது. செருகினார். ஓடியது. மறுபடி உருவினார். நின்றது.

டேப்பில் 'மார்க்கெட்டிங்' என்று என் கையெழுத்து.

ஜி.எம். விறுவிறுவென்று மார்க்கெட்டிங் பிரிவுக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் கணினி முன்னால். எங்கள் தலையைக் கண்டதும் அவர் கை சுட்டியில் பாய்ந்தது. அவருடைய பெயரை உங்களிடம் சொல்லப் போவதில்லை. கடைசியில் அவர்தான் என்று ஆனது. அதற்கான தண்டனையையும் அனுபவித்துவிட்டார்.

ஜி.எம். என்னை வெளியே இழுத்து வந்தார். "இப்ப எழுதுங்க மேடம்! பேரைப் போட்டு எழுதுங்க."

நான் எழுதினேன். இந்த நேரத்தில், இந்த மேசையில் உள்ள கணினி, ஸ்டோர்ஸுக்கு ஒதுக்கப்பட்ட முகவரியைப் பயன்படுத்தியது; அப்போது இவர் அங்கே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். அவ்வளவுதான்.

"இத்தாலிக்கு எழுதினது இவன்தான்னு போடுங்க!"

"அன்னைக்கு அந்த மேசையில யாரு இருந்தான்னு நான் பாக்கல சார்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். தயிர் காய்ந்த கை. மாடசாமி அண்ணாச்சிக்கே பொறுக்கவில்லை. "என்ன மேடம், கையில புடிச்சுக் குடுத்தாச்சு. இன்னும் என்ன வேணும்?" என்றார்.

"உங்களுக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா அண்ணாச்சி?" என்றேன். ஜி.எம்.மிடம் சொன்னேன்: "சார், இவ்வளவு நடந்திருக்கு. இத்தாலிக்காரங்களுக்கு ஒரு தடவையாவது போன் போட்டுப் பேசினீங்களா?"

போடவில்லை. கடிதம் வந்தது, கடிதத்துக்குக் கடிதத்தில் பதில் போனது, கன்டெய்னர் நின்றது, ஒரு பெண் வெளியே போனாள். ஒருவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. நம்மிடம் பத்திரமாக எழுதி வைத்திருக்கும் பழைய எண்ணைச் சுழற்றி, 'இது உண்மையா?' என்று வாயால் கேட்கவில்லை.

அன்று கேட்டார்கள். அங்கே காலை நேரம். அந்த நெசவாலையின் கொள்முதல் அதிகாரி நன்றாகவே பேசினார். அந்தப் புகார்க் கடிதத்துக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் மார்க்கெட்டிங் ஆள் ஆலை முகவரியை விட்டுத் தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து அவருக்கு எழுதியிருந்தாராம்: தான் வேறொரு ஆலைக்கு மாறப் போவதாகவும், இதே ரக நூலை அங்கிருந்து தர முடியும் என்றும். அவரே எங்கள் ஆலைப் பிரதிநிதி என்பதால் இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை என்றார். வாடிக்கையாளரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனால்தான் புதிய இடத்தில் பெரிய பதவி. அதற்கு எங்கள் சரக்கின் மேல் நம்பிக்கை உடைய வேண்டும். உடைக்க ஒரு நேர்மையான பெண்ணின் பெயர் வேண்டும். தன் கணினியிலிருந்து எங்கே போனாலும் என் சர்வரில் பதிவாகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் புதிய ஆலையோடு மதியங்களில் எழுதிக்கொள்வதற்கும், அந்தப் போலிக் கடிதத்துக்கும் அணைந்து கிடக்கும் ஸ்டோர்ஸ் முகவரி.

முதலாளி முன்னால் இதை வைத்தபோது அந்த மார்க்கெட்டிங் ஆள் மறுக்கவில்லை. "கம்பெனி பேருதான கெடும்னு நெனச்சேன். அந்தப் பிள்ளைய வேலைய விட்டு நிறுத்துவாங்கன்னு நெனைக்கல" என்றாராம். அந்த வார்த்தை எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது. அவள் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டபோது, அந்தப் பெயருக்குள் ஒரு ஆள் இருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கன்டெய்னர் கப்பலேறியது. நான் கேட்டவை எல்லாம் ஒரே வாரத்தில் கையெழுத்தாகி வந்தன. கடவுச்சொல் இல்லாமல் அஞ்சல் போகாது. எந்த ஒயரில் எந்தக் கணினி என்று கட்டிப்போட்டு, வேறு ஒன்று அந்த முகவரியைக் கேட்டால் மறுக்கும் ஸ்விட்ச். வெளியிலிருந்து நம் ஆலையின் பெயரிலேயே வரும் கடிதத்துக்கு வாசலிலேயே தடை. சரக்கை நிறுத்து, வங்கிக் கணக்கை மாற்று, ஆளை விலக்கு என்று எந்தக் கடிதம் வந்தாலும் தொலைபேசியில் கேட்காமல் ஒரு வேலையும் நடக்கக் கூடாது என்று உத்தரவு. அனுப்பியது அந்த நிறுவனம்தானா என்று சோதிக்கும் முறைகள் இன்று உங்களிடம் இருக்கின்றன. அவற்றைப் பாதியில் விடாமல் முழுக்கப் போடுங்கள். 'எல்லாம் நம்ம ஆளுங்கதானே' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். போட்ட பிறகும் அவை சொல்வது கணினியைப் பற்றித்தான். மனிதரைப் பற்றி அல்ல.

சண்முகக்கனிக்கு ஆள் அனுப்பினார்கள். வந்தாள். "நடந்ததை மறந்துட்டு நாளையில இருந்து வேலைக்கு வாம்மா" என்றார் ஜி.எம்.

"ஷிஃப்ட் மாறுத நேரத்துல, எல்லாரும் பாக்க என்னைய வெளிய அனுப்புனீங்க சார். அதே நேரத்துல, எல்லாரும் கேக்க நீங்க சொல்லணும். அப்பத்தான் வருவேன்."

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். நான் சண்முகக்கனியின் பக்கம் திரும்பினேன். மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்டருகே நின்று, அந்தப் பெண் மேல் ஒரு தவறும் இல்லை, தவறு நிர்வாகத்துடையது என்று சொன்னார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "கேக்கலையே!" என்று கூட்டத்தில் ஒரு பெண் கத்தினாள். இன்னொரு முறை உரக்கச் சொன்னார். சண்முகக்கனி கூட்டத்துக்கு நடுவே தனியாக நடந்து உள்ளே வந்தாள்.

பரிசோதனைக் கூடத்துக்குப் போகவில்லை. நேரே என் அறைக்கு வந்தாள்.

"எம்பேர்ல இனிமே ஒருத்தரும் எழுத முடியாதபடி பண்ணித் தாங்க மேடம்."

"உனக்குத்தான் முதல்ல போடுதேன். உக்காரு. கடவுச்சொல் என்னன்னு யோசிச்சு நீயே அடி."

உட்கார்ந்தாள். விசைப்பலகை மேல் விரலை வைத்தவள் அடிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"என்னம்மா?"

"நீங்களும் பாக்கக் கூடாது மேடம்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம் அந்த வேலையில் வேறெப்போதும் வந்ததில்லை. "சரி தாயி" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.